பாடம் கேட்க ஒரு ஆள்

நம் பள்ளிக்கூட குரூப்பில் போன வாரம் முழுக்கப் பழைய நாள் பேச்சுத்தான். யாரோ ஒருத்தி உப்பளத்துப் போட்டோ போட்டாள். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு, பின்னால் வானம். உடனே ஆளுக்கு ஆள் இதயப் படம். ‘அந்த நாள் திரும்ப வருமா’ என்று இன்னொருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாள் திரும்ப வரவே வேண்டாம், தாயே. வந்தால் சிலரை நிறுத்திவைத்து நான் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடும் இல்லை.

நமக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் காதோரம் நரைத்துவிட்டது, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. வயசாக ஆகக் கோபம் தணியும் என்பார்கள். எனக்கு ஏறிக்கொண்டுதான் போகிறது. குரூப்பில் எழுதினால் நீளம் என்று யாரும் படிக்க மாட்டீர்கள், அதனால் தனியாக எழுதுகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் எனக்குப் பன்னிரண்டு வயசு. நாம் எல்லோரும் ஏழாம் வகுப்பு. அண்ணனுக்குப் பதினான்கு. நீங்கள் அவனை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அவன் புதுச்சேரிப் பக்கம் ஒரு மதரசாவில் தங்கி ஓதிக்கொண்டிருந்தான். குர்ஆனை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மனப்பாடம் செய்கிற படிப்பு. முடித்தவனுக்கு ஹாபிஸ் என்று பேர். குர்ஆனில் முப்பது பாகம், ஒரு பாகத்தை ஜுஸ்வு என்போம். அண்ணன் அதற்குள் இருபது ஜுஸ்வு முடித்திருந்தான். எங்கள் சொந்தத்தில் அதுவரை ஒரு ஹாபிஸ்கூடக் கிடையாது. அவன் பேரைச் சொன்னாலே எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, குரல் மாறும்.

அலை வந்துபோன பிறகு மதரசாக் கட்டடத்தை வீடு இழந்தவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளை நாலு மாசம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணனைக் கூட்டிவரப் போன அத்தாவோடு நானும் போயிருந்தேன். கூடம் முழுக்கப் பாயும் பாத்திரமும் அழுகிற குழந்தைகளுமாக இருந்தது. அதற்கு நடுவில் நின்றுகொண்டு அங்கே ஓதிக்கொடுக்கும் பெரிய ஹஜ்ரத் அத்தாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“புதுப் பாடம் ஒண்ணும் வேணாம்பா. ஓதுனதைக் காப்பாத்துனா போதும். தினம் மூணு ஜுஸ்வு பாக்காம ஓதணும். குர்ஆனைத் திறந்து வெச்சிக்கினு எதிர்ல ஒருத்தர் ஒக்காந்து கேக்கணும். தனியா ஓதுனா தப்பு தப்பாவே ஊறிப்போயிடும். இது ஒட்டகம் மாதிரி, கயித்த விட்டா ஓடிடும். கேக்க ஆள் வேணும், புரியுதா?”

அத்தா நன்றாகப் புரிந்தது என்று தலையாட்டினார். கேட்க ஆள் இல்லாமல் மனப்பாடம் நிற்காது என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வீட்டில் கேட்க யார்? அத்தாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் ஓத வரும். அம்மா நன்றாக ஓதுவாள், அடுப்படி அவளை விடாது. நான் சாயங்கால ஓதப்பள்ளியில் குர்ஆனைப் பார்த்து ஓதி இரண்டு முறை முடித்தவள். ஆக, நான்தான். யாரும் என்னிடம் முடியுமா என்று கேட்கவில்லை. விளையாட்டில் உப்புக்குச் சப்பாணி என்று ஒரு சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோமே, ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் கணக்கில் சேர்த்தி இல்லை; அப்படி என்னை உட்காரவைத்தார்கள்.

அத்தா உப்பளத்தில் மூட்டை தைக்கிற கொட்டகைக்கு மேஸ்திரி. அந்த ஜனவரியில் பாத்தியெல்லாம் கடல் சேறு. அதை வாரிக் கொட்டி, மிதித்துச் சமன் செய்யவே மாசி ஆகிவிட்டது. மூட்டைக்கு உப்பு இல்லாததால் கொட்டகை காலி. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் நானும் அண்ணனும் அங்கே போய்விடுவோம். மடித்து அடுக்கிய வெறும் சாக்குகள் மேல் மரப்பலகை ரெஹால், அதன் மேல் அவனுடைய பச்சை அட்டை குர்ஆன். அவன் கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடி ஓதுவான். நான் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு கேட்பேன். தப்பு விட்டால் தொடையில் ஒரு தட்டு, அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. முள் ஒன்றைக் காலில் இருந்து எடுத்துக் காட்டுகிற மாதிரி சாயங்காலம் அந்தப் புள்ளிகளை அவனுக்குக் காட்டுவேன். வெயில் ஏறினால் உப்புத் தண்ணீரின் வீச்சமும் கோணியின் மக்கல் நாற்றமும் சேர்ந்துகொண்டு தலையைச் சுற்றும்.

ஓதுகிற பிள்ளை என்று அவனுக்குத் தினமும் ஊறவைத்த பாதாம், பால். புளி மட்டும் ஆகாது. புளிப்பு தின்றால் மறதி வரும் என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டாராம். அம்மா அவனுக்குத் தனியாகப் புளியில்லாத குழம்பு வைப்பாள். அவன் பங்குப் புளிக்குழம்பையும் நான்தான் சாப்பிட்டேன். வஞ்சனையில்லாமல், வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

பங்குனியில் ஒருநாள் காற்று பலமாக அடித்து குர்ஆனின் பக்கங்கள் புரண்டன. நான் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு வார்த்தையை விட்டான். நான் தேடுவதை நிறுத்தாமலேயே விட்டதைச் சொன்னேன். அவன் ஆடுவதை நிறுத்தினான்.

“பாக்காம எப்பிடிடீ சொன்ன?”

“தெரியல. வந்துச்சு.”

“அடுத்த வரி சொல்லு.”

சொன்னேன். அதற்கடுத்ததும். அவன் குர்ஆனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் முடிந்தது, மறுபக்கம் முடிந்தது, ஜுஸ்வே முடிந்தது. மூன்றே மூன்று இடத்தில்தான் தட்டினான். பிறகு அவனே எண்ணிப் பார்த்ததில் என்னிடம் ஏழு ஜுஸ்வு இருந்தது. பதினைந்தாவது அதில் கல் மாதிரி நின்றது. அன்றைக்கு அவன் என்னைத் தோளில் அடித்துச் சிரித்த சிரிப்பு பொய் இல்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். சாயங்காலம் அவனே ஓடிப்போய் அத்தாவிடம் சொன்னான்.

அத்தா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் கேட்டார். அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “கேட்டுக் கேட்டு ஒட்டிக்கினு இருக்குது. கால்ல ஒட்டுன உப்பு மாதிரி. கழுவுனா போயிடும்.”

திட்டாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பதினைந்தாம் ஜுஸ்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முதல் மனிதர் ஆதமுக்குப் பணியச் சொன்னபோது எல்லா வானவரும் பணிய, இப்லீஸ் என்கிற சைத்தான் மட்டும் மறுத்த கதை குர்ஆனில் பல இடத்தில் வரும். அதில் நாலு இடத்தில் வசனம் அச்சாக ஒரே மாதிரி தொடங்கும். தொடங்கியபிறகு நாலும் நாலு வழியாகப் பிரியும். மனப்பாடக்காரர்களுக்கு அது நாற்சந்தி. உப்பளத்தில் வரப்பு பிரியும் இடத்தில் பராக்கு பார்த்தால் யாரோ ஒருத்தர் பாத்தியில் போய் நிற்போமே, அதே மாதிரி ஒரு சூராவில், அதாவது அத்தியாயத்தில், தொடங்கி இன்னொரு சூராவுக்குள் போய்விடலாம். போனவனுக்குத் தான் தப்பிப் போனது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவன் ஓதுவது ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருக்கும். பதினைந்தாம் ஜுஸ்வுக்குள்ளேயே இந்தச் சந்தி இரண்டு இருக்கிறது. முதல் சந்தியில் தப்பாகத் திரும்பினால் நடுவில் பாதி ஜுஸ்வுக்கு மேல் விழுங்கிவிட்டு இரண்டாவதில் போய் வெளியே வரலாம். அண்ணன் எப்போதும் அங்கேதான் விழுவான். நான் அந்த வரிக்குக் கீழே வைத்த புள்ளிகள் நாலு.

சித்திரை முடிந்து அவன் மதரசாவுக்குத் திரும்பினான். பச்சைக் குர்ஆனை என்னிடம் விட்டுவிட்டு, அங்கே அதே அச்சில் வேறொன்று வாங்கிக்கொண்டான். “நீ விட்டுடாத” என்று பஸ் ஏறும்போது சொன்னான். விடாமல் இருக்க எனக்கும் கேட்க ஆள் வேண்டுமே. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். அவர் வீட்டம்மாவாவது கேட்கட்டும் என்று கேட்டேன்.

“பாப்பா, யாசீன் சூரா மனப்பாடம் இருக்கா? முல்க் இருக்கா? பொம்பளப் புள்ளைக்கு அது போதும்மா. மனப்பாடம் பண்ணிட்டு மறந்தா பெரிய பாவம், தெரியுமில்ல? அந்தப் பாவம் ஒனக்கு எதுக்கு?”

பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றி அனுப்பினார். மறந்தால் பாவம் என்றால் மறக்காமல் இருக்க உதவ வேண்டாமா? பன்னிரண்டு வயசில் இந்தக் கேள்வி எனக்கு வாயில் வரவில்லை. இப்போது தினமும் வருகிறது, கேட்க அவர் இல்லை.

அப்போதுதான் உங்களில் ஒருத்தி வந்தாள். குப்பத்தில் வீடு போய், உப்பளத்துக்கு இந்தப் பக்கம் போட்ட தகரக் கொட்டகையில் குடியிருந்தவள். இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். இதைப் படித்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். எங்கள் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த முப்பது கேசட் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது, கேசட்டுக்கு ஒரு ஜுஸ்வு என்று ஒரு அரபிக்காரர் ஓதியது. அவளுக்கு அரபி ஒரு எழுத்து தெரியாது. ஆனால் காது, அது நல்ல காது. டேப் ரெக்கார்டரில் காதுக்கு மாட்டுகிற வயரைப் போட்டுக்கொண்டு, ஒரு காதில் அவரையும் மறு காதில் என்னையும் கேட்பாள். இரண்டும் ஒத்துப்போகும்வரை சும்மா இருப்பாள். பிரிந்தால் கையைத் தூக்குவாள்.

“ஏய், நில்லு. அவரு இழுக்குறாரு, நீ இழுக்கல.”

“எங்க?”

“எனுக்கு இன்னா தெரியும்? இப்போ போச்சில்ல, அங்க.”

அவள் கை தூக்கிய இடத்தில் திரும்ப ஓதுவேன். சரியாகப் பத்தில் எட்டு இடம் பிடித்துவிடுவாள். ஒரு வருஷத்துக்கு மேல், பள்ளி விட்டு வந்து, வேலிக்கருவை நிழலில் இதை நடத்தினோம். அம்மாவுக்குத் தெரியும். “அத்தா வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிடு” என்பாள், அவ்வளவுதான். ஏழு ஜுஸ்வு ஒன்பது ஆயிற்று.

அதற்கடுத்த வருஷம் அண்ணன் முப்பதையும் முடித்தான். தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, வேனில் கூட்டிவந்தார்கள். அந்த நோன்பு மாசம் எங்கள் தெருப் பெண்களுக்கு அவன் தராவீஹ் தொழவைப்பான் என்று முடிவாயிற்று. தராவீஹ் என்பது நோன்பு மாசத்தில் வழக்கமான இரவுத் தொழுகைக்குப் பின் தொழுவது. நாளுக்குக் கொஞ்சமாக இருபத்தேழாம் இரவுக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடிக்க வேண்டும். தெருவில் முத்தவல்லி வீட்டுக் கூடம்தான் பெரிசு. முத்தவல்லி என்றால் பள்ளிவாசல் நிர்வாகி. முன்னால் அண்ணன், நடுவே ஒரு பூப்போட்ட திரை, பின்னால் நாங்கள் நாற்பது பேர். தொழவைக்கிற ஹாபிஸுக்குப் பின்னால் இன்னொரு ஹாபிஸ் நின்று தப்பு கேட்க வேண்டும் என்பது வழக்கம். ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் ஒன்பது ஜுஸ்வோடு ஒருத்தி நிற்பது யாருக்கும் தோன்றவில்லை.

பதினைந்தாம் ஜுஸ்வு ஓதும் இரவு வந்தது. சந்தி நெருங்கியது. தொடங்கினான். இப்லீஸைச் சொன்னான். அடுத்த சூராவுக்குள் போய்விட்டான்.

தொழுகையில் இமாம் தப்பு விட்டால் பின்னால் நிற்கும் ஆண்கள் வாயால் சொல்லலாம். பெண்கள் வாய் திறக்கக் கூடாது. வலது கையால் இடது புறங்கையில் தட்ட வேண்டும். தட்டினேன். அவன் நின்றான். திரும்ப அந்த வசனத்தைத் தொடங்கினான், திரும்ப அதே வழியில் போனான். தட்டினேன். மூன்றாவது முறையும் போனான். தட்டல் தப்பு என்று மட்டும்தான் சொல்லும், எது சரி என்று சொல்லாது. மூன்றாவது தட்டுக்குப் பிறகு அவன் ஓதவே இல்லை. பெண்கள் அசைய ஆரம்பித்தார்கள். அவன் முதுகு நடுங்குவது திரையின் இடுக்கில் எனக்குத் தெரிந்தது. கொட்டகையில் தப்பு விட்டபோதெல்லாம் எப்படிச் சொல்வேனோ அப்படியே, கொஞ்சம் சத்தமாக, அடுத்த வரியை ஓதினேன்.

அவன் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு கடைசிவரை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அவ்வளவு அழகாக அவன் ஓதி நான் கேட்டதே இல்லை. சலாம் கொடுத்து முடித்ததும் முத்தவல்லி வீட்டம்மா திரும்பினார்.

“யாருடீ அது உள்ளேருந்து ஓதுனது? இமாம் நிக்கச்சொல்ல வயசுக்கு வந்த பொண்ணு கொரலு வெளிய கேக்கலாமா? ஹாபிஸுக்கே பாடம் சொல்ற அளவுக்கு ஆயிட்டியா?”

அம்மா என் மேல்கையில் கிள்ளினாள். எனக்கு ஆதரவாக ஒரு சொல் இல்லை. அம்மா, அந்தக் கிள்ளு இன்னும் வலிக்கிறது, உனக்குத் தெரியுமா?

மறுநாள் காலை ஹஜ்ரத்தும் முத்தவல்லியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தா நாற்காலி போட்டார். நான் அறைக் கதவருகே நின்றேன். அண்ணன் சுவரோரமாக. ஹஜ்ரத் குர்ஆனைத் திறந்து, அந்த இடத்தைப் பார்த்து, நிதானமாக மூடினார்.

“பாப்பா சொன்னது சரிதான். தம்பிதான் வழி மாறிடுச்சு. ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அரை மணி நேரம் பேசினார். ஃபித்னா, பெண் குரலால் வரும் குழப்பம் என்றார், ஒழுக்கம் என்றார், நல்ல சம்பந்தம் வர வேண்டிய வயசு என்றார். எனக்குப் பதினான்கு வயசு! சரி என்றால் சரி என்று எழுந்து போக வேண்டியதுதானே. தப்பாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை தண்டனை கிடைத்திருக்காது. அத்தா அண்ணனைக் கேட்டார்:

“நீ இன்னாடா சொல்ற? அவ இல்லன்னா ஓதிடுவியா?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அவதான் எனக்குக் கேட்டா, நாலு மாசம் கேட்டா’ என்றால் போதும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஓதிடுவேன், அத்தா” என்றான்.

என்னை யாரும் அடிக்கவில்லை. ஏசவில்லை. நடந்ததெல்லாம் நல்ல காரியம்தான், தோழிகளே, கேளுங்கள். கேசட் பெட்டியையும் டேப் ரெக்கார்டரையும் அத்தா பள்ளிவாசலுக்குத் தானமாகக் கொடுத்தார். ஊரே பாராட்டியது. பச்சைக் குர்ஆன் ஹாபிஸுடையது என்று அவனிடமே திரும்பிப் போயிற்று. அதற்குப் பதிலாக அத்தா விழுப்புரம் போய் எனக்கென்று பொன்னிற ஓரம் வைத்த, பெரிய எழுத்துக் குர்ஆன் வாங்கிவந்தார். “ஓதுறதுக்கு எல்லாம் ஒண்ணுதானம்மா, இது கண்ணுக்கு நல்லா இருக்கும்” என்றார்.

எல்லாம் ஒன்று இல்லை. பார்த்து ஓதுகிறவர்களுக்கு ஒன்று. மனப்பாடக்காரர்களுக்கு வார்த்தை மட்டும் மனசில் நிற்பதில்லை. அது எந்தப் பக்கத்தில், மேலே எத்தனையாவது வரியில், இடதா வலதா என்று இடமும் சேர்ந்துதான் நிற்கும். அச்சு மாறினால் வீட்டுச் சாமான்களையெல்லாம் யாரோ இடம் மாற்றி வைத்துவிட்ட இருட்டறைதான். மனப்பாடம் செய்கிறவர்கள் குர்ஆனை மாற்றக் கூடாது என்பதால்தான் அண்ணனுக்கு அதே அச்சைத் தேடி வாங்கினார்கள். மகனுக்கு அதே அச்சு வேண்டும் என்று அத்தா புதுச்சேரியில் நாலு கடை ஏறி இறங்கினாரே! அதே அத்தாதான். அதே ஞானம் எனக்கு வாங்கும்போது எங்கே போனது? என்னுடையது மனப்பாடம் என்றே அவர் நினைக்கவில்லை. காலில் ஒட்டின உப்பு என்று நினைத்தார். பொன்னிற ஓரம் வைத்துக் கழுவிவிட்டார்.

நான் தனியாக ஓதிப் பார்த்தேன். எங்கே தப்பு விடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தோழிக்கு அரசாங்கத்தில் கட்டிய வரிசை வீடு வடக்கே கிடைத்தது, அவள் போய்விட்டாள். அவள் இருந்திருந்தாலும் கேசட் இல்லை. ஒன்பது எட்டாயிற்று, எட்டு ஐந்தாயிற்று. மதரசா ஹஜ்ரத் சொன்ன ஒட்டகம் ஒவ்வொன்றாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனது.

அந்த நோன்பின் மிச்ச இரவுகளில் எனக்கு வீட்டில் வேலை கொடுத்தார்கள். சகருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாட்டுக்கு, அரைப்பது, காய் நறுக்குவது. தொழுகைக்குப் போன அம்மா வர வர சீக்கிரமாகத் திரும்பிவந்தாள். ஒன்றேகால் மணி நேரம் ஒரு மணி ஆயிற்று, முக்கால் ஆயிற்று. “தம்பி எவ்ளோ வேகமா ஓதுது தெரியுமா? இடுப்பு வலியே தெரியல” என்று தெருப் பெண்கள் மெச்சினார்கள். வேகம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு சந்தியிலும் குறுக்கு வழி. தொழுகையில் மிச்சம் இருக்கும் சுற்றுகளுக்கு, ரக்அத்துகளுக்கு, சின்னச் சின்ன சூரா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான், நாற்பது பேர் ருசியாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். இருபத்தேழாம் இரவு முழுக் குர்ஆனும் ஓதி முடித்துவிட்டதாகத் துஆ என்கிற பிரார்த்தனை கேட்டு, சால்வை போர்த்தி, வாட்ச் கட்டி, இனிப்பு கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. நான் தொடவில்லை. ‘ஏன் சாப்பிடல?’ என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இதுதான் என் உப்பளத்துப் போட்டோ. இதற்கு யார் இதயப் படம் போடப் போகிறீர்கள்?

இப்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பல வருஷம் கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்துவிட்டான். தெருவில் இன்னும் அவன் ஹாபிஸ் சாப்தான். போன மாசம் அண்ணியையும் தன் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். மகளுக்குப் பத்து வயசு. கையில் பை, பைக்குள் அதே பச்சை அட்டைக் குர்ஆன், முதுகில் டேப் ஒட்டி.

“இவ மனப்பாடம் பண்ணணுங்குறா. நீதான் கேக்கணும்” என்றான். “எனுக்கு அஞ்சு ஜுஸ்வுகூடத் தேறாது. நம்ம ரெண்டு பேருக்கும்தான் மறந்துபோச்சு, பாப்பாவாவது...”

“நில்லு” என்றேன். “உனக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கடிச்சாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. நீ சுவத்துல சாஞ்சி நின்னு பாத்துக்கினு இருந்த.”

அவன் முகம் சுருங்கிப்போனது. “அன்னிக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

“பயந்த. சரி. அதுக்கப்புறம் இத்தினி வருஷம்? போன் பண்ணச்சொல்ல எல்லாம் பிரியாணி பத்திக் கேட்டியே, ஒருநாள் ‘ஓது, நான் கேக்குறேன்’னு சொன்னியா?”

மன்னித்துவிட்டேன் என்று நான் சொல்லவும் இல்லை, சொல்வதாகவும் இல்லை. அண்ணி இடையில் புகுந்து டீ போடட்டுமா என்று என் வீட்டிலேயே என்னைக் கேட்டாள்.

மகள் இது எதையும் கவனிக்காமல் குர்ஆனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “அத்தை, இதுல எல்லா எடத்துலயும் பென்சில் புள்ளி இருக்குது. யாரு வெச்சது?”

“நான்.”

“எதுக்கு?”

“உங்க அத்தா தப்பு விட்ட எடம்.”

அவள் தன் அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். நான் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். “கேக்குறேன்” என்றேன். “தினம் கேக்குறேன். ஆனா மொதல்ல நீ எனக்குக் கேளு. பதினஞ்சாவது ஜுஸ்வு எடு. தப்பு விட்டா விடக் கூடாது, அத்தைன்னு பாக்கக் கூடாது.”

கண்ணை மூடினேன். முதல் பக்கம் மெதுவாக வந்தது. இரண்டாவதில் இரண்டு முறை தட்டினாள். மூன்றாவது, நான்காவது எப்படியோ வந்துவிட்டன. பச்சைக் குர்ஆனின் பக்கங்கள், மேல் வரி, கீழ் வரி, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சந்தி வந்தது. ஆதமுக்குப் பணியச் சொன்ன வசனத்தைத் தொடங்கினேன், இப்லீஸைச் சொன்னேன், போய்க்கொண்டே இருந்தேன்.

தொடையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

“தப்பு, அத்தை. வேற சூராவுக்குப் போயிட்டீங்க.”

கண்ணைத் திறந்தேன். அவள் பென்சில் பெட்டியைத் திறந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த வரிக்குக் கீழே, நான் அவள் அப்பனுக்கு வைத்த நாலு புள்ளிகளுக்குப் பக்கத்தில், எனக்கென்று ஒரு புள்ளி வைத்தாள். கல்லாக நின்ற ஜுஸ்வு அது. சந்தியில் அண்ணன் விழுந்த அதே இடத்தில் என்னையும் விழ வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாசலில் அண்ணன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

“திருப்பி ஓதுங்க, அத்தை. நான் கேக்குறேன்” என்றாள் அவள்.

திரும்ப ஓதினேன்.